வெஸ்டர்ன் ஸ்விங் கிடார்: வேலூர் பக்கம் யாராவது வாசிக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன். ஆன்லைன் பாடங்கள் வழியாக ப்ளூஸும் வெஸ்டர்ன் ஸ்விங்கும் கற்று வருகிறேன். ப்ளூஸ் ஓரளவு வந்துவிட்டது. ஏ7, டி7, இ7 என்ற மூன்று கார்டுகளையும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வைத்துப் பன்னிரண்டு பார் (தாள அளவு) சுற்றைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறேன். ஷஃபிள் தாளம் நம் திஸ்ர நடைக்குப் பக்கத்தில் இருப்பதால் கை சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

சிக்கல் ஸ்விங்கில்தான். 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா நடன அரங்குகளில் பாப் வில்ஸ் போன்றவர்கள் வளர்த்த, கன்ட்ரியும் ஜாஸும் கலந்த இசை இது. அவர் குழுவில் எல்டன் ஷாம்ப்ளின் வாசித்த ரிதம் மேல் எனக்குத் தீராத ஆசை. கார்டு நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே, அடித்ததும் இடது கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். ஒலி 'சக்' என்று அறுந்து நிற்க வேண்டும். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் அந்தத் தளர்வு எந்த நொடியில் நடக்கிறது என்று பிடிபடவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் ஜாஸ் கார்டு தெரிந்தவர்கள், சர்ச்சில் ரிதம் வாசிக்கும் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் கிடாரோடு நானே வந்துவிடுகிறேன். கட்டணம் என்றாலும் சரி.

அப்புறம், ஃப்ளாட்வவுண்ட் தந்தி (மேல்சுற்று வழவழப்பாக இருக்கும் தந்தி) வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? சாதாரணத் தந்தியில் கார்டு மாறும்போது விரல் உரசும் கிறீச் சத்தம் ரிதத்தையே கெடுக்கிறது.