அன்கோரோ குவெஸ்ட் வெகுமதிகள்: தரப்படுத்த வேண்டியது அட்டையையா, அதை அடையும் வழியையா?

ஐந்துமானா எழுதியது:

கணினி அட்டை விளையாட்டான ஹார்த்ஸ்டோனின் ‘ஜர்னி டு அன்கோரோ’ அட்டைத் தொகுப்பு 2017 ஏப்ரலில் வந்தபோது, ஒன்பது வகுப்புகளுக்கும் ஆளுக்கொரு குவெஸ்டும் (ஆட்டத்துக்குள் முடிக்க வேண்டிய பணி), அதை முடித்தால் கைக்கு வரும் வெகுமதி அட்டை ஒன்றும் கிடைத்தன. வெளியான நாளில் அவற்றில் எழுதியிருந்ததை மட்டும் வைத்து நான் போடும் வரிசை இது: டைம் வார்ப் (மேஜ்), கிரிஸ்டல் கோர் (ரோக்), பார்னபஸ் (ட்ரூயிட்), நெதர் போர்ட்டல் (வார்லாக்), சல்ஃபுராஸ் (வாரியர்), கால்வடான் (பாலடின்), அமரா (பிரீஸ்ட்), குயின் கார்னாஸா (ஹன்டர்), மெகாஃபின் (ஷாமன்).

குவெஸ்டை முடிப்பதற்குள் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. வெகுமதி கைக்கு வந்துவிட்டது, இறக்குவதற்கு மானாவும் (அட்டைக்குக் கொடுக்கும் விலை) இருக்கிறது என்ற நிலையில், அது ஆட்டத்தை எந்த அளவுக்குப் புரட்டிப்போடும் என்பதே என் அளவுகோல். வழியையும் சேர்த்துக்கொண்டால் நாம் தரப்படுத்துவது அட்டையை அல்ல, டெக்கை (முழு அட்டைக்கட்டை). மேஜுக்கு ஒரு முழு டர்ன் கூடுதலாகக் கிடைக்கிறது. ரோக் இறக்கும் ஒவ்வொரு மினியனும் (களத்தில் நின்று சண்டையிடும் அட்டை) ஆட்டம் முடியும்வரை 5/5 (5 தாக்குதல், 5 உயிர்) ஆகிவிடுகிறது, ஒரு மானா ஸ்டோன்டஸ்க் போர் கூட இறங்கிய கையோடு 5 சேதம் கொடுக்கிறது. இவற்றுக்கு மேல் வேறொன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்மதில் எழுதியது:

சல்ஃபுராஸுக்கு மேல் நெதர் போர்ட்டலை வைத்திருக்கும் ஒரு பட்டியலை வாரியர் ஆடிய எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வெகுமதி வானத்திலிருந்து விழுவதில்லை. எந்தக் குவெஸ்டாக இருந்தாலும் தொடக்கக் கையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, முதல் டர்னின் ஒரே மானாவையும் விழுங்கிவிடுகிறது. இந்த விலை ஒன்பது பேருக்கும் பொது. அதற்குப் பிறகு கொடுக்க வேண்டிய விலையில்தான் வித்தியாசமே இருக்கிறது. வார்லாக் ஆறு அட்டைகளைக் கையிலிருந்து வீசியெறிந்தாக வேண்டும். சில்வர்வேர் கோலமோ கிளட்ச்மதர் ஜாவாஸோ வீசப்பட்டால் லாபம்தான் என்றாலும், மற்றபடி போர்ட்டல் வரும் நேரத்தில் அவர் கை காலியாக இருக்கும்.

வாரியருக்குச் சொல்லப்பட்ட வேலையோ ஏழு டாண்ட் மினியன்களை (எதிராளி முதலில் தாக்கியாக வேண்டியவை) இறக்குவது. உயிரோடு இருப்பதற்காக அவர் எப்படியும் செய்யப்போகிற வேலை அது. மூன்று மானா ஸ்டோன்ஹில் டிஃபெண்டரை இறக்கினால், களத்தில் ஒரு 1/4 சுவர் நிற்கும்போதே கையில் இன்னொரு டாண்ட் மினியனும் சேர்கிறது. மற்ற எட்டு வெகுமதிகளும் ஐந்து மானா கேட்க, சல்ஃபுராஸ் மூன்றுதான் கேட்கிறது. எட்டாவது டர்னில் அதை எடுத்தால், 4 தாக்குதலுள்ள ஆயுதம், அதே டர்னில் இரண்டு மானாவுக்கு 8 சேதம் தரும் ஹீரோ பவர் (டர்னுக்கு ஒருமுறை பயன்படுத்தும் திறன்), மீதியுள்ள மூன்று மானாவில் மறுபடியும் ஒரு டாண்ட் என்று எல்லாமே நடந்துவிடுகிறது. வழியே கவசமாக அமைந்த வெகுமதியை, வழியைப் பார்க்காமல் எடைபோட்டால் எடை குறைவாகத்தான் காட்டும்.

தேன்மொழி எழுதியது:

கல்மதில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த 8 சேதம் யார் மேல் விழும் என்பது வாரியரின் கையில் இல்லை. எதிராளியின் களத்தில் மூன்று பொடி மினியன்கள் நின்றால், அவருடைய முகத்தில் (ஹீரோ மேல்) விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். ஒரு 1/1 மேல் 8 சேதம் போய் விழுந்ததைப் பார்த்து எதிராளி சிரித்த ஆட்டங்கள் எத்தனையோ. களம் காலியாக இருக்கும் கட்டுப்பாட்டு டெக்குகளுக்கு எதிராக அது கொலைகார ஆயுதம், களத்தை நிரப்புகிறவர்களுக்கு எதிராகச் சுமார்தான்.

ஆனால் என் முக்கியமான மறுப்பு ஐந்துமானாவுக்கு. டெக்கைச் சேர்க்காமல் அட்டையை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டைம் வார்ப்பை முதலிடத்தில் வைக்க முடியாது, ஏனென்றால் ஒன்பதிலும் வெறுமையான அட்டை அதுதான். பத்து மானாவில் ஐந்தை அதற்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு இன்னொரு டர்னை வாங்கி என்ன செய்வது? ஆர்கேன் ஜெயன்ட்களை இந்த டர்னில் இறக்கி அடுத்த டர்னில் அடிப்பதாலும், மந்திர அட்டைகளின் விலையைக் குறைக்கும் சோர்சரர்ஸ் அப்ரென்டிஸ் நான்கு நிற்க, ஃபயர்பால் அட்டை தரும் ஆன்டனைடஸை வைத்து மானாவே செலவழியாத ஃபயர்பால்களை முடிவில்லாமல் எறிவதாலும்தான் அதற்கு இத்தனை பெயர். அது டெக்கின் வலிமை இல்லையென்றால் வேறென்ன?

ஐந்துமானா எழுதியது:

வெகுமதிக்குப் பின்னால் டெக் தரும் துணையையும் வெகுமதிக்கு முன்னால் குவெஸ்ட் கேட்கும் விலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். துணையை நான் கணக்கில் எடுக்கிறேன். எந்த அட்டையையும் துணையில்லாமல் யாரும் ஆடுவதில்லை. விலையைத்தான் ஒதுக்குகிறேன். ஆட்டத்தை உருவாக்கியவர்களே இரண்டையும் தனித்தனியாகத்தான் கையாண்டார்கள். ரோக் குவெஸ்டுக்கு ஒரே பெயருள்ள மினியனை நான்கு முறை இறக்கினால் போதும் என்றிருந்ததை 2017 ஜூலையில் ஐந்தாக்கினார்கள், வெகுமதியைத் தொடவில்லை. 2018 மே மாதத்தில் வெகுமதியில் கைவைத்து, 5/5 என்பதை 4/4 ஆக்கினார்கள், குவெஸ்டைத் தொடவில்லை. வழி வேறு, வெகுமதி வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

போர்ட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எதிராளியால் அழிக்கவே முடியாத ஒன்று, வார்லாக்கின் ஒவ்வொரு டர்னின் முடிவிலும் இரண்டு 3/2 இம்ப்களைத் தருகிறது. மெதுவாக ஆடும் ஒரு பிரீஸ்டுக்கு எதிரே அது நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

கல்மதில் எழுதியது:

கற்பனை செய்தேன். போர்ட்டலே களத்தின் ஏழு இடங்களில் ஒன்றை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது; மீதி ஆறும் மூன்றே டர்னில் நிறைந்துவிடும். இல்லையென்றால், மேஜ் வைத்திருக்கும் வால்கானிக் போஷன் ஒன்றே மூன்று மானாவுக்கு எல்லா இம்ப்களையும் துடைத்துவிடும். வீசியெறிந்த ஆறு அட்டைகளுக்கு இது ஈடாகாது. நீங்கள் காட்டும் ரோக் சான்றும் என் பக்கமே பேசுகிறது: ஓர் அட்டை எல்லை மீறுகிறது என்று தெரிந்ததும் அவர்கள் முதலில் திருத்தியது வழியைத்தான்.

பழையகளம் எழுதியது:

இருவருமே கால்வடானை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்பதில் ஆடுபவரின் மூளைக்கு வேலை வைக்கும் வெகுமதி அது ஒன்றுதான்: ஐந்து அடாப்ட் (கூடுதல் திறன் தேர்வு), ஒவ்வொன்றிலும் பத்தில் மூன்று கண்ணுக்குக் காட்டப்படும். ஸ்டெல்த் (எதிராளியால் குறிவைக்க முடியாது), விண்ட்ஃப்யூரி (டர்னுக்கு இரண்டு அடி), மூன்று முறை +3 தாக்குதல் என்று அமைந்தால், அடுத்த டர்னில் அதன் அடிப்படை 5ஐயும் சேர்த்து 14 தாக்குதலுடன் இரண்டு அடி, மொத்தம் 28 சேதம். பிரீஸ்டின் டிராகன்ஃபயர் போஷன் 5 சேதத்தைக் களம் முழுக்கக் கொட்டும்போது ஸ்டெல்த் காப்பாற்றாது என்பது உண்மைதான். உயிர் கூடும் அடாப்டைத் தேர்ந்தெடுப்பதா, எதிராளியிடம் போஷன் இல்லை என்று துணிவதா என்று தவிக்கும் அந்த நேரத்துக்காகவே நான் அதை மூன்றாம் இடத்தில் வைப்பேன். அமராவை இன்னும் கீழே இறக்கலாம். ரோக்கின் 5/5 கூட்டம் களத்தை நிரப்பிய பிறகு, அது ஹீரோவுக்குத் தரும் 40 உயிர் என்பது சாவைத் தள்ளிப்போடுவதோடு சரி.

கல்மதில் எழுதியது:

கால்வடானில் எனக்கு ஆட்சேபம் இல்லை, என் ஆட்சேபம் பார்னபஸில். டெக்கில் உள்ள மினியன்களின் விலை பூஜ்யமாகிறது, சரி. ஆனால் அவை இன்னும் டெக்கில்தானே இருக்கின்றன? டர்னுக்கு ஓர் அட்டை வீதம் எடுத்து எப்போது இறக்குவது?

ஐந்துமானா எழுதியது:

பத்தாவது டர்னில் பார்னபஸுக்கு ஐந்து மானா, நரிஷுக்கு ஐந்து மானா. எடுக்கும் மூன்று அட்டைகளில் மினியன்கள் எத்தனை இருந்தாலும் அதே டர்னில் இலவசமாக இறங்கும், பக்கத்தில் 8/8 பார்னபஸும் நிற்கும்.

கல்மதில் எழுதியது:

அந்தப் பத்தாவது டர்னுக்குள் என் வாரியர் எட்டிலும் ஒன்பதிலும் தலா 8 சேதம் சுட்டு முடித்திருப்பார். உங்கள் ட்ரூயிடின் களத்தில் அப்போது என்ன மிச்சமிருக்கும் என்பதையும் எழுதுங்கள், பிறகு பார்னபஸ் மூன்றாம் இடத்தில் இருக்கட்டுமா என்று பேசலாம்.