கம்ப்யூட்டரில் 11, பீரோவில் 43: ஆஸ்பத்திரி ஸ்டோர் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி ஸ்டோர்காரன்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார், "எல்லாத்துக்கும் ஸ்கேன் வந்துருச்சே, இன்னும் எதுக்குய்யா ராத்திரி உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்கே?" என்று. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, இங்கேயே போடுகிறேன். ஸ்டோர், வார்டு, மருந்துக் கடை என்று எங்கே இருந்தாலும் உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் நோட்டும் பேனாவும்தான். அப்புறம் முதலாளி மனது வைத்து ஸ்கேனர், சாஃப்ட்வேர், ஆர்எஃப்ஐடி டேக் (ரீடர் தொடாமலே ரேடியோ அலையில் படிக்கிற சின்ன ஒட்டு) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து இறக்கினார். அவர் குடும்பத்துக்கு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பட்டறையைப் பெருக்கிய குப்பையைக்கூட வீசாமல் அதிலிருந்து வெள்ளியைப் பிரிக்கிறவர்கள், ஐவி செட் (டிரிப் ஏற்றும் குழாய்) காணவில்லை என்றால் சும்மா விடுவார்களா?

முதல் அடி சலைனில் விழுந்தது. பாட்டிலுக்குப் பாட்டில் டேக் ஒட்டி, 24 பாட்டில் பெட்டியை ரீடர் முன்னால் வைத்தால் 9 என்கிறது, திருப்பி வைத்தால் 14 என்கிறது. கம்பெனி ஆள் இரண்டு நாள் ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, டீ குடிக்கும்போதுதான் உண்மையைச் சொன்னார். நாங்கள் வாங்கியது யுஎச்எஃப் டேக், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்வது. அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், இரும்பு திருப்பியடித்துவிடும். எங்கள் ஸ்டோரில் பாதிச் சரக்கு தண்ணீர், மீதி இரும்பு பீரோவுக்குள். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊரில் மர அலமாரிக்கு எங்கே போவது? கடைசியில் சலைனுக்குப் பெட்டிக்கு ஒரு டேக் என்று மாற்றிவிட்டு, மற்றதை சிரிஞ்ச் பம்ப், வீல்சேர் போன்று வார்டு வார்டாக ஓடும் சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அதில் மட்டும் குறையே சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஒரு பம்ப்பைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்குவோம்.

மருந்து, கேத்திட்டர் (உடலுக்குள் விடும் குழாய்) பெட்டிகளில் சின்னச் சதுரமாக ஒரு கட்டம் இருக்கும் பாருங்கள், டேட்டாமேட்ரிக்ஸ். அதை ஸ்கேன் செய்தால் வரும் எண்களில் 01-க்குப் பின்னால் வருவது பொருளின் எண், 17-க்குப் பின்னால் எக்ஸ்பயரி, 10-க்குப் பின்னால் பேட்ச் நம்பர். பழைய சிவப்புக் கோடு லேசர் ஸ்கேனர் இதைப் படிக்காது, வாங்குகிறவர்கள் கவனியுங்கள். நாங்கள் நான்கு வாங்கி ஏமாந்தோம், அதில் ஒன்று இப்போது கேன்டீனில் பிஸ்கட்டுக்கு பில் போடுகிறது.

இந்த 17-இல்தான் பெரிய கூத்து. ஒரு ஆகஸ்ட் 1 காலை சிஸ்டத்தைத் திறந்தால் திரையெல்லாம் சிவப்பு. பெட்டியில் எக்ஸ்பயரி ஆகஸ்ட் என்று இருக்கிற ஊசி மருந்தை நேற்றோடு முடிந்தது என்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மாதமும் வருடமும்தான் அச்சடிப்பார்கள், அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். கோடில் தேதிக்கும் இரண்டு இலக்கம் வேண்டுமே, அதற்காக 00 போடுவார்கள். மாதக் கடைசி என்று பொருள். எங்கள் சாஃப்ட்வேரோ 1-க்கு முந்தைய நாள் 0 என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஜூலை 31 ஆக்கி வைத்திருந்தது. அதற்கு முன்னால் எத்தனை மாதம் நல்ல மருந்தை எக்ஸ்பயரி என்று சப்ளையருக்குத் திருப்பி அனுப்பினோமோ, நினைத்தாலே வயிறு எரிகிறது. இதைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. பயிற்சிக்கு வந்திருந்த டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்றாள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பெண்கள் வார்டில் 20ஜி அளவு கேனுலா (டிரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சின்னக் குழாய்), அந்த பிங்க் கலர், கணக்குப்படி 11 இருக்க வேண்டும். எண்ணப் போனால் 11 சரியாக இருந்தது. போர்வை எடுக்க அடுத்த பீரோவைத் திறந்த ஆயா ஒரு பையை எடுத்து நீட்டினார், அதில் 43. குறைந்தால் திருட்டு என்று தேடலாம், கூடினால் யாரைத் தேடுவது?

நைட் டூட்டி

அண்ணா, அந்தப் பை எங்கள் வார்டாக இல்லாவிட்டாலும் அதே மாதிரிப் பை எல்லா வார்டிலும் உண்டு. நான் 8 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஸ்டோர் இரவு 8 மணிக்கு மூடுகிறது. இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு ஃபிட்ஸ் வந்து கையில் இருந்த லைன் பிடுங்கிக்கொண்டு போனால், சிஸ்டத்தில் இண்டென்ட் (சாமான் கேட்கும் சீட்டு) போட்டு, சூப்பர்வைசரை எழுப்பி, அவர் சாவிக்காரரை எழுப்பி... அதற்குள் டாக்டர் நம்மை எழுப்பிவிடுவார். அதனால் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் மிஞ்சியதை மருந்துக் கடைக்குத் திருப்பாமல் ஒதுக்கி வைப்போம். அது அவர்கள் காசு என்று தெரியும், மறைக்கவில்லை. ஐசியு கதை இன்னும் மோசம், டேக் ஒட்டிய பம்ப்பைக் கேரிடார் ரீடர் பார்க்காத மாதிரி லினன் ரூமில் போர்வை பீரோவுக்குள் வைப்போம், அது இரும்பு பீரோ என்பது வசதியாகப் போயிற்று. நீங்கள் மேலே அலை திருப்பியடிக்கும் என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், எங்களுக்கு அறிவியல் தெரியாது, அனுபவத்தில் தெரியும்.

ஐந்து ரோடு வாசி

ஓ, அங்கேதான் போனதா! அப்பாவை நான்கு நாள் சேர்த்திருந்தோம். பில்லில் கேனுலா ஆறு, கையில் குத்தியது இரண்டு. கேட்டதற்கு, "போட்டது கழன்றிருக்கும் சார்" என்றார்கள்.

ஆனால் அதே பில்லில் ஸ்டென்ட்டுக்கு (இதய ரத்தக் குழாயில் வைக்கும் வலைக்குழாய்) மட்டும் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரை உரித்து ஒட்டியிருந்தார்கள், பேட்ச் நம்பரோடு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தபோது செய்தியில் படித்த ஞாபகம் இருந்ததால் அதை மட்டும் உட்கார்ந்து சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. விலை அதிகமான பொருளுக்கு இருக்கிற கணக்கு பிங்க் ஊசிக்கு இல்லை, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி ஸ்டோர்காரன்

ஐந்து ரோடு சார், நியாயமான கோபம். அந்த 43 விஷயம் முதலாளி வரைக்கும் போய், ஒரு வாரம் சண்டை நடந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இரவுக்கு ஒரு ஃபார்மசிஸ்ட்டைப் போட்டு ஸ்டோரில் ஒரு ஜன்னலைத் திறந்தோம், பில் இப்போது நோயாளி கைப்பட்டியை ஸ்கேன் செய்து பொருளையும் ஸ்கேன் செய்தால்தான் ஏறும். ஜன்னல் திறந்த இரண்டாவது மாதம் பைகள் தானாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சிஸ்டர் மாதிரி யாராவது முன்பே இதைச் சொல்லியிருந்தால் டேக் செலவில் பாதி மிச்சமாகியிருக்கும்.

மலைமேல் மருந்தாளுநர்

ஏற்காடு மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். எங்களுக்கு முதலாளி கிடையாது, 1994-இல் தொடங்கிய டிஎன்எம்எஸ்சி, அதாவது அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று, கீழே சேலம் கிடங்கில் எடுக்க எடுக்க அதில் கழியும், பேங்க் பாஸ்புக் மாதிரியே. வெளி மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துப் போகிற முறை. தடுப்பூசி ஃப்ரிட்ஜில் இ-வின் (தடுப்பூசி இருப்பையும் குளிரையும் கண்காணிக்கும் மத்திய அரசு சிஸ்டம்) சென்சார் இருக்கிறது, 2 முதல் 8 டிகிரியைத் தாண்டினால் போனுக்கு மெசேஜ் வரும், டவர் இருந்தால். காற்று மழையில் கரன்ட்டும் டவரும் சேர்ந்தே போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, ஆகவே மூடியைத் திறக்காமல் தெர்மாமீட்டரை நம்புகிறேன்.

இரண்டு வருடம் முன்பு சாயங்காலம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துத் தூக்கி வந்தார்கள். விஷமுறிவு மருந்து முதல் தவணையே 8 முதல் 10 குப்பி வேண்டும், என்னிடம் 6. மருந்து இருப்பைப் பதியும் ஆப்பில் பார்த்தால் கொஞ்சம் சுற்றிப் போகிற வழியில் இருக்கும் இன்னொரு நிலையத்தில் 12 என்று காட்டுகிறது. டாக்டர் இருந்த 6-ஐ ஏற்ற ஆரம்பித்துவிட்டார், 108 வாசலில் நிற்கிறது, டிரைவர் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று அங்கே இருக்கும் அக்காவுக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டேன். "தம்பி, முந்தாநேத்து ராத்திரியே பன்னெண்டும் போயிருச்சு, டவர் இல்ல, இன்னும் ஏத்தல" என்றார். நேராக 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார், இப்போது மிளகு பறிக்கிறார், பூட்ஸ் போட்டுக்கொண்டு.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை, என்னுடைய பதிவும் பல நாள் அப்படித்தான் கிடந்திருக்கிறது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பாம்பு மருந்து ஒரு குப்பி உடைத்தாலும் முதலில் லேண்ட்லைனில் ஒரு கால், அடுத்து சுவரில் கரும்பலகையில் எண். ஆப்பில் ஏற்றுவது, சாயங்காலம் பஸ்ஸில் இறங்கும்போது டவர் கிடைக்கிற வளைவில்.