தடுப்பாட்டம் சரிந்தால் பழி யாருக்கு? பயிற்சியாளருக்கா, ஆட்டக்காரர்களுக்கா?

இடதுகால்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஓர் அணி வாராவாரம் மூன்று கோல் வாங்கினால் அது நூறு சதவீதம் பயிற்சியாளரின் குற்றம், ஆட்டக்காரர்களைத் தொடாதீர்கள்" என்கிறார். கார்னரில் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் குற்றவாளி இல்லையா? குதித்துத் தலையால் முட்ட வேண்டியது பயிற்சியாளரா? லிவர்பூலைப் பாருங்கள். லீக்கில் வாங்கிய கோல்கள் 2016-17இல் 42, 2017-18இல் 38, 2018-19இல் 22. மூன்று வருடமும் பயிற்சியாளர் க்ளாப்தான். 2018 ஜனவரியில் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்தார், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். மாறியது ஆட்கள்தான்.

பழைய ஸ்டாப்பர்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையையும் திரும்பப் பெற மாட்டேன். 2020-21 சீசன் செல்சியை மறந்துவிட்டீர்களா? பயிற்சியாளர் லாம்பார்டிடம் 19 லீக் ஆட்டங்களில் 23 கோல் வாங்கினார்கள். ஜனவரி கடைசியில் அவரை அனுப்பிவிட்டு டூகெல் வந்தார். மீதி 19 ஆட்டங்களில் 13 கோல்தான். சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட்டில் இறுதி ஆட்டம் வரை ஏழு ஆட்டங்கள், வாங்கியது இரண்டே கோல். கோப்பையும் வந்தது. புதிதாக ஒரு தடுப்பாட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. அதே ஆட்கள். திரும்பச் சொல்கிறேன், அதே ஆட்கள்.

இடதுகால்:
அதே ஆட்களா? லாம்பார்ட் அந்த சீசனின் முதல் பாதியில் தடுப்பாட்டக்காரர் ருடிகரைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்திருந்தார். சென்டர் பேக்காக, அதாவது பின்வரிசையின் நடுவில், ஆடியது ஜூமா. டூகெல் வந்த முதல் ஆட்டத்திலேயே ருடிகர் உள்ளே, அஸ்பிலிகுவேட்டா உள்ளே. மூன்று சென்டர் பேக்கில் இரண்டு பேர் மாறிய பிறகு அது எப்படி அதே ஆட்கள் ஆகும்?

பழைய ஸ்டாப்பர்:
ருடிகரை உட்கார வைத்தது யார்? பயிற்சியாளர். எழுப்பி ஆட வைத்தது யார்? பயிற்சியாளர். இதில் உங்கள் கட்சிக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

இடதுகால்:
ஆக ருடிகர் வந்ததால்தான் சரியானது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ருடிகர் ஆட்டக்காரர்.

பழைய ஸ்டாப்பர்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதாதீர்கள். போன மாதம் ஸோனல் மார்க்கிங் (ஆளைத் தொடராமல் இடத்தைக் காப்பது) பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

ஹாஃப்வே:
ஒரு சின்னக் கேள்வி அண்ணே. தடுப்பாட்டம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? பின்வரிசை நான்கு பேரை மட்டுமா, மிட்ஃபீல்டையும் சேர்த்தா? அதை முதலில் முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும்.

கம்பத்தடி:
கோல்கீப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, எப்போதும் எங்களைத்தான் மறப்பார்கள். லாம்பார்ட் செப்டம்பரில் வெஸ்ட் பிராமிடம் 3-3 என்று தப்பித்த ஆட்டத்தில் புது கோல்கீப்பர் மெண்டி இல்லை. அதற்கு முன்பு லிவர்பூலிடம் 0-2 தோற்றபோது பழைய கோல்கீப்பர் கெபா காலடியில் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறிக் கோலைத் தாரை வார்த்தார். மெண்டி வந்த பிறகுதான் கம்பத்துக்கு நடுவில் ஆள் நிற்பதாகத் தெரிந்தது.

இடதுகால்:
கேட்டீர்களா? கோல்கீப்பரும் மாறியிருக்கிறார். இதில் அதே ஆட்களாம்.

பழைய ஸ்டாப்பர்:
மெண்டி வந்து லீக்கில் ஆடத் தொடங்கியது அக்டோபரில். டூகெல் வந்தது ஜனவரியில். நடுவில் இருந்த கிட்டத்தட்ட நான்கு மாதமும் லாம்பார்டிடம்தான் இருந்தார். நாள்காட்டியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கம்பத்தடி சொன்ன அந்த லிவர்பூல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதி முடியும் நேரத்தில் லிவர்பூலின் மானேயை இழுத்துத் தள்ளி சிவப்பு அட்டை வாங்கிய செல்சி தடுப்பாட்டக்காரர் யார்? கிறிஸ்டென்சன். அன்று எல்லாரும் "இவன் தேறமாட்டான், விற்றுவிடுங்கள்" என்றார்கள். எட்டு மாதம் கழித்து போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். முதல் பாதியிலேயே தியாகோ சில்வா காயத்தோடு வெளியேறினார். உள்ளே வந்தவர் அதே கிறிஸ்டென்சன். எதிரில் மான்செஸ்டர் சிட்டி. ஒரு கோல்கூட விடவில்லை, 1-0. எட்டு மாதத்தில் அவருக்கு வேறு கால் முளைத்ததா? இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள், முன்னால் மிட்ஃபீல்டில் ஜோர்ஜீன்யோவும் கான்டேயும், எங்கே நிற்க வேண்டும் என்ற தெளிவு. இவை இருந்தன. அவ்வளவுதான்.

நான் பதினான்கு வருடம் ஸ்டாப்பராக ஆடியவன், அதனால் சொல்கிறேன். தடுப்பாட்டம் என்பது ஆட்களுக்கு நடுவில் இருக்கும் தூரம். பந்து வைத்திருப்பவன் மேல் நெருக்கடி இருந்தால் வரிசை மேலே ஏறலாம். நெருக்கடி இல்லாவிட்டால், அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிற நொடியிலேயே எல்லாரும் பின்னால் ஓடத் தொடங்க வேண்டும். நான்கு பேரில் மூன்று பேர் ஏறி ஒருவன் மட்டும் அரை அடி பின்னால் நின்றால், எதிரியை வரிசைக்குப் பின்னால் ஆஃப்சைடில் சிக்கவைக்கும் வாய்ப்பு போய்விடும். அந்த அரை அடியைத் தினமும் கத்திக் கத்திப் பழக்க வேண்டும். பழக்குபவர் யார்?

பயிற்சி விசில்:
சார், நான் பழக்குகிறவன். பதினைந்து வயதுப் பையன்களுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் அரை அடியை மூன்று வாரம் தொடர்ந்து பழக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பையனும் கண்ணை மூடிக்கொண்டு செய்தான். ஆட்டத்தன்று எழுபதாவது நிமிடத்தில், களைத்துப்போன ஒரே ஒரு பையன் ஆளை மறந்துவிட்டுப் பந்தைப் பார்த்தான். கோல். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெற்றோர் என்னைத்தான் திட்டினார்கள். அந்தப் பையனை நான் திட்டவில்லை, இன்றைக்கும் திட்ட மாட்டேன். ஆனால் நூறு சதவீதம் என் குற்றம் என்று எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது.

பழைய ஸ்டாப்பர்:
எழுபதாவது நிமிடத்தில் களைத்த பையனை மாற்றாதது யார் சார்?

பயிற்சி விசில்:
இதற்குப் பெயர் விவாதமா? எது சொன்னாலும் சுற்றி வந்து பயிற்சியாளர் தலையில் வைக்கிறீர்கள். பென்ச்சில் எனக்கு வேறு ஆள் இல்லை. ஆள் கொடுப்பது நிர்வாகம்.

இடதுகால்:
விசில் சார் சொல்வது நியாயம். பழைய ஸ்டாப்பர் ஆடிய காலத்தில் வாங்கிய கோலுக்கெல்லாம் பழியைப் பயிற்சியாளர் மேல் போட்டுப் பழகிவிட்டார், அதன் மிச்சம்தான் இது.

பழைய ஸ்டாப்பர்:
என் ஆட்டத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் ஒரு நாளாவது மழையில் சறுக்கி விழுந்து பந்தை வெளியே தட்டியிருக்கிறீர்களா? என் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. தனிப்பட்ட முறையில் இறங்கினால் நானும் இறங்குவேன்.

வான் டைக்கைச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். 2020 அக்டோபர் 4, ஆஸ்டன் வில்லா 7, லிவர்பூல் 2. வான் டைக் களத்தில் இருந்தார், காயம் ஒன்றும் இல்லை. வில்லாவின் வாட்கின்ஸ் முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டார். உலகின் மிகச் சிறந்த சென்டர் பேக் நிற்கும்போதே ஏழு! ஏனென்றால் முன்னால் நெருக்கடி இல்லாமல் வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி வைத்திருந்தார்கள். அது யாருடைய முடிவு?

கம்பத்தடி:
அன்று அலிசன் இல்லை, அட்ரியான் நின்றார். முதல் கோலே அவர் பந்தை எதிரிக்குக் கொடுத்ததால் வந்தது. மறுபடியும் கோல்கீப்பரை மறந்துவிட்டீர்கள்.

இடதுகால்:
அதன் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் எவர்டன் ஆட்டத்தில் வான் டைக் முழங்கால் போனது. மற்ற சென்டர் பேக்குகள் கோமஸ், மாட்டிப் என்று வரிசையாகக் காயம். அந்த சீசனில் லிவர்பூல் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் தோற்றது. க்ளாப் அதே க்ளாப். பயிற்சிதான் எல்லாம் என்றால் மிட்ஃபீல்டு ஆட்களைப் பின்னால் நிறுத்திச் சமாளித்திருக்க வேண்டும். முயன்றார், தாங்கவில்லை.

அப்புறம் உங்கள் டூகெல். 2021 ஏப்ரலில் சொந்த மைதானத்தில் வெஸ்ட் பிராமிடம் 2-5. தரமிறங்கப்போகிற அணியிடம் ஐந்து. அன்று தூரமெல்லாம் எங்கே போனது?

பழைய ஸ்டாப்பர்:
29ஆவது நிமிடத்தில் தியாகோ சில்வாவுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஒரு மணி நேரம் பத்து பேர். இதைச் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் எழுதுவது நேர்மையா?

இடதுகால்:
சிவப்பு அட்டை வாங்கியது ஆட்டக்காரரா, பயிற்சியாளரா? ஒரே ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பழைய ஸ்டாப்பர்:
நீங்கள் முதலில் ருடிகர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

இடதுகால்:
ருடிகர் கேள்வியே என்னுடையது. நான் கேட்டது.

மூன்றாம் கம்பம்:
சண்டைக்கு நடுவில் ஓர் உதாரணம். ஆர்சனல் 1990-91இல் 38 ஆட்டத்தில் 18 கோல்தான் வாங்கியது, பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம். 1998-99இல் 17 கோல், பயிற்சியாளர் வெங்கர். இரண்டு பேரின் ஆட்டமும் வேறு வேறு. ஆனால் கோல்கீப்பர் சீமன், பின்வரிசையில் டிக்சன், ஆடம்ஸ், வின்டர்பர்ன் இரண்டு காலத்திலும் இருந்தார்கள். ஆட்கள் பக்கம்தான் எடை அதிகம் என்று எனக்குப் படுகிறது.

பழைய ஸ்டாப்பர்:
அந்தப் பின்வரிசை ஆட்களை ஒரே வரிசையாக நடக்கப் பழக்கியவர் கிரஹாம். வெங்கர் வந்தபோது அவர்கள் பழகி முடித்தவர்கள். நீங்கள் கொண்டுவந்த உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது, நன்றி.

பயிற்சியாளர் சாக்கியின் மிலான் அணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1987-88இல் 30 ஆட்டத்தில் 14 கோல் வாங்கி லீக் பட்டம் வென்றார்கள். கோல்கீப்பரும் பின்வரிசை நால்வரும் ஒரு பக்கம், தாக்குபவர்கள் பத்து பேர் மறு பக்கம் என்று நிறுத்திப் பயிற்சி ஆட்டம் ஆட விடுவேன், ஐந்து பேர் கட்டுக்கோப்பாக நின்றால் பத்து பேரால் கோல் போட முடியாது என்று காட்டினேன் என்று சாக்கியே சொல்லியிருக்கிறார்.

பயிற்சி விசில்:
அந்த நால்வரில் பாரேசியும் மால்தீனியும் இருந்தார்கள் சார். எனக்கும் அந்த இரண்டு பேரைக் கொடுங்கள், நானும் நிறுத்திக் காட்டுகிறேன்.

மூன்றாம் கம்பம்:
விசில் சார் சொல்வதையே நானும் சொல்ல வந்தேன். என் உதாரணத்தை எடுத்து உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நன்றி சொல்லாதீர்கள்.

பழைய ஸ்டாப்பர்:
தரமில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு வரிசையை ஏற்றுவது இன்னும் பெரிய குற்றம். கையில் இருப்பவர்களுக்கு ஏற்ற ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும். இதை நான் இருபது தடவை எழுதிவிட்டேன். களத்தில் நின்று கோல் வாங்கியவனுக்குத்தான் தெரியும், வலையிலிருந்து பந்தை எடுக்கும்போது எல்லார் கண்ணும் ஸ்டாப்பர் மேல்தான் இருக்கும், அவனை அங்கே தனியாக விட்டவர் மேல் இருக்காது. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

ஹாஃப்வே:
அண்ணே, மிட்ஃபீல்டு கணக்கில் உண்டா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இடதுகால்:
ஒரு நிமிடம் இருங்கள் தம்பி. பழைய ஸ்டாப்பர், கடைசியாகக் கேட்கிறேன். ஜூமாவும் ருடிகரும் ஒரே ஆளா?

பழைய ஸ்டாப்பர்:
இரண்டு பேரும் ஜனவரிக்கு முன்பே அதே அணியில் இருந்தார்கள். அதே ஆட்கள். நாளைக்கு வந்தும் இதையே எழுதுவேன்.