ஹாட்பேக்கில் வைத்த வாஃபிள் ஈரத்துண்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஆபீசுக்கு எப்படி எடுத்துப் போவது?

மாவுக்கரண்டி:

ஆபீஸ் பெருங்குடியில். எங்கள் டீமில் பதினான்கு பேர். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ஏதாவது செய்து கொண்டுவருவது வழக்கம். ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த பெண் வீகன். நானும் நாலு மாதமாகப் பார்க்கிறேன். கேசரியில் நெய், கேக்கில் முட்டை, ஒரு தடவை தயிர்வடை. "பரவாயில்லக்கா, நான் சாப்பிட்டுட்டேன்" என்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த மாதம் என் முறை. அவளுக்கென்று தனி டப்பா வேண்டாம், எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுக்கணும் என்று எனக்கு ஒரு வீம்பு.

நாத்தனார் கொடுத்த வாஃபிள் மேக்கர் பரணில் கிடந்தது. இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை கோதுமை மாவு, தேங்காய்ப்பால், கனிந்த வாழைப்பழம். இரண்டு நிமிடத்தில் திறந்தேன். பாதி மேல் தட்டில், பாதி கீழ்த் தட்டில். பல்குச்சியை வைத்துக் கட்டம் கட்டமாகச் சுரண்டியதில் அரைமணி நேரம் போனது.

அடுத்த ஞாயிறு மைதா, சோயா பால். நன்றாகவே வந்தது, பையன் நின்றபடியே இரண்டு தின்றான். மீதியை ஹாட்பேக்கில் போட்டு மூடினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் மூடியெல்லாம் தண்ணீர் முத்து. வாஃபிளைத் தூக்கினால் தொங்குகிறது.

காலை 8.40க்குக் கிளம்பணும். ஆபீஸ் பேன்ட்ரியில் கெட்டிலும் மைக்ரோவேவும் மட்டும்தான். மேக்கரை எடுத்துப் போய் அங்கேயே சுடலாமா? தேனும் கூடாதாமே, மேலே எதை ஊற்றுவது?

பழைய ஓவன்:

மெதுவடையைச் சூடாக ஹாட்பேக்கில் மூடினால் என்ன ஆகும்? அதேதான் இதுவும். உள்ளே இருக்கிற ஆவி வெளியே போக வழியில்லாமல் திரும்ப அதன் மேலேயே இறங்குகிறது.

முந்தின நாள் ராத்திரியே சுடுங்கள். எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பி வலையில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள். வீட்டு பிரெட் டோஸ்டரை எடுத்துப் போய் ஆபீசில் அதில் இரண்டு நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறு. மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம், ரப்பர்தான்.

என் அளவு: மைதா 2 கப், கார்ன்ஃபிளவர் கால் கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். சோயா பால் ஒன்றேமுக்கால் கப் எடுத்து ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு ஐந்து நிமிடம் வைத்தால் திரிந்து மோர் போல ஆகும். அதோடு எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப். எண்ணெயைக் குறைக்காதீர்கள், மொறுமொறுப்பே அதில்தான். கட்டி தட்டினால் தட்டட்டும், ரொம்பக் கலக்கினால் சவசவ என்று ஆகிவிடும்.

நீங்கள் பிய்த்தது அவசரத்தால். முட்டை இல்லாத மாவு இறுக நேரம் எடுக்கும். ஓரத்தில் ஆவி வருவது நிற்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். என் மேக்கரில் ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். வாழைப்பழத்தின் இனிப்பும் தட்டில் பிடித்துக்கொள்ளும்.

மேலே ஊற்ற கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டு. வடிகட்ட மறக்காதீர்கள், மண் கடிபடும்.

ஆறு ஆம்பியர்:

ஆபீஸ் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், சொல்லிவைக்கிறேன். மேக்கரோ டோஸ்டரோ, டெஸ்குக்குக் கீழே இருக்கிற யூபிஎஸ் பாயின்ட்டில் சொருகாதீர்கள். சின்ன மேக்கரே 700, 800 வாட்ஸ் இழுக்கும். பேன்ட்ரியில் 1500 வாட்ஸ் கெட்டில் ஓடும்போது அதே லைனில் இதையும் போட்டால் டிரிப் ஆக வாய்ப்புண்டு. அங்கேயே சுட்டால் எண்ணெய்ப் புகைக்கு ஸ்மோக் டிடெக்டர் அலறும். அப்புறம் பதினான்கு பேரும் மாடிப்படியில்தான் சாப்பிடணும்.

அரைத்தமாவு:

இட்லி மாவு இருக்க இவ்வளவு பாடு எதற்கு? புளித்த மாவில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அதே மேக்கரில் ஊற்றுங்கள். பாலும் கிடையாது முட்டையும் கிடையாது, கட்டத்துக்குள் மிளகாய்ப்பொடி நன்றாக உட்காரும்.

இன்னொன்று. மார்ஜரின், டார்க் சாக்லேட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள், பால் சேர்ந்ததற்கும் தேனுக்கும் அதே பச்சைப் புள்ளிதான். வீகனுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தனிச் சின்னம் கொண்டுவந்திருக்கிறது, அதைப் பாருங்கள். சோயா, முந்திரி ஒவ்வாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

மாவுக்கரண்டி:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை முடிந்தது. பழைய ஓவன் சொன்ன அளவை இரண்டு மடங்காக்கி, ராத்திரி பதினொன்றரை வரை சுட்டேன். கம்பி வலை இல்லை, கேஸ் அடுப்பின் மேல் இருக்கிற ஸ்டாண்டுகளைக் கழுவி அதில் பரப்பினேன். வீட்டு டோஸ்டரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். கெட்டிலைப் பிடுங்கிவிட்டுத்தான் சொருகினேன், அதற்கு டீ குடிக்க வந்தவர்களிடம் திட்டு.

இட்லி மாவிலும் ஆறு சுட்டேன். அதுதான் முதலில் காலியானது, எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். அந்தப் பெண் மூன்று எடுத்தாள், வாழைப்பழம் மேசையிலேயே கிடந்தது.

கருப்பட்டிப் பாகு பாட்டில் மட்டும் வண்டியில் போகும்போது பைக்குள் கவிழ்ந்துவிட்டது. பாதிதான் மிஞ்சியது. லேப்டாப் சார்ஜர் இன்னும் கையில் ஒட்டுகிறது. எதைப் போட்டுத் துடைப்பது?