அலுசில் சிலிண்டருக்கு ரிங் மட்டும் மாத்தினா போதுமாம்!

நெக்கார்க்கரை:
நேத்து இந்த ஃபோரத்துல ஒருத்தர் எழுதியிருக்காரு. 1982 போர்ஷே 911 எஸ்சி, எஞ்சினைப் பிரிச்சா உள்ளே அலுசில் சிலிண்டர். "சிலிண்டர் சுவரை நகத்தால தடவிப் பார்த்தேன், தடுக்கலை. புது ரிங் போட்டு அப்படியே ஏத்தப் போறேன்"னு சொல்றாரு. கீழே வரிசையா "சூப்பர் ப்ரோ". வயிறு எரியுது.

அந்த 3 லிட்டர் எஞ்சினுக்கு ஃபேக்டரியிலயே ரெண்டு விதமா சிலிண்டர் வந்துச்சு. மாலே கம்பெனி கொடுத்தது நிகாசில். அலுமினியச் சுவர்ல நிக்கல் பூச்சு, பூச்சுக்குள்ள சிலிக்கான் கார்பைடு துகள். கோல்பென்ஷ்மிட் கம்பெனி கொடுத்தது அலுசில். அதுல பூச்சே கிடையாது. அலுமினியத்துலயே சுமார் 17 சதவீதம் சிலிக்கான். மேல இருக்கிற அலுமினியத்தை லேசா அரிச்சு எடுத்துட்டா சிலிக்கான் படிகம் தலையை நீட்டிக்கிட்டு நிக்கும், ரிங் ஓடுறது அது மேல. அந்தத் தலை மழுங்கிப்போச்சா இல்லையான்னு நகத்துக்குத் தெரியுமா? அலுசிலைத் தூக்கிப் போடு, நிகாசில் செட் வாங்கு. இதுல பேச ஒண்ணுமில்ல.

ஸ்கார்பரோ எஸ்சி:
அந்த "ஒருத்தர்" நான்தான் அண்ணை. பேரைச் சொல்லியே ஏசியிருக்கலாம். நான் நகத்தோடை நிப்பாட்டேல்லை. போர் கேஜ் (சிலிண்டர் உள்விட்டம் அளக்கிற கருவி) விட்டு மேலை, நடு, கீழை எண்டு ஆறு சிலிண்டரும் அளந்தனான். வட்டம் பிசகேல்லை. பிஸ்டன் ஸ்கர்ட்டிலை (பிஸ்டனின்ரை கீழ்ச்சுவர்) இருக்கிற இரும்புப் பூச்சும் அப்பிடியே கிடக்கு. எஞ்சினைக் கழட்டினதே கீழ்ப்பக்க ஹெட் ஸ்டட் (ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற நீள ஆணி) ரெண்டு முறிஞ்சதாலை, எண்ணெய் குடிச்சதாலை இல்லை. நல்ல சாமானை எறியச் சொல்லுறியள், புது செட்டுக்குக் காசு நீங்கள் தாறியளோ?

நெக்கார்க்கரை:
திரும்பவும் நகம்!

ஸ்கார்பரோ எஸ்சி:
போர் கேஜ் எண்டு எழுதியிருக்கிறன்.

நெக்கார்க்கரை:
போர் கேஜ் விட்டத்தைச் சொல்லும், படிகத்தைச் சொல்லாது. நான் 22 வருஷமா ஸ்டுட்கார்ட்ல இருக்கேன் தம்பி. மாலே தலைமையகம் இருக்கிற பாட் கான்ஷ்டாட் என் வீட்டுலேர்ந்து 20 நிமிஷம். கோல்பென்ஷ்மிட் ஊரான நெக்கார்சுல்மும் இதே நெக்கார் ஆத்தங்கரைதான். 1973 கரேரா ஆர்எஸ்ல 90 மிமீ போர் வச்சு 2.7 லிட்டர் ஆக்க முடிஞ்சதே நிகாசிலாலதான். இரும்பு லைனர் வச்ச பழைய பைரால் சிலிண்டரை அந்த அளவுக்குக் குடைய முடியாது. இதெல்லாம் படிச்சுட்டு வாங்க.

லேத்துக்காரன்:
ஆத்தங்கரையில குடியிருந்தா நீச்சல் தெரிஞ்சிருமாங்க?
928, 944 பிளாக் ரெண்டுமே அலுசில்தானுங்க. லைனர் கிடையாது. அந்த எஞ்சினைப் பிரிக்கிறப்பல்லாம் பிளாக்கைக் குப்பையிலயா போடுறாங்க? ஓவர்சைஸுக்குக் குடைஞ்சு, ஹோன் பண்ணி (கல்லால மெருகேத்தி), கடைசியா ஃபெல்ட் பேடுல சிலிக்கான் பேஸ்ட் தடவித் தேய்ச்சா படிகம் திரும்பவும் தலை தூக்கும். வேலை தெரிஞ்ச கை வேணும், அவ்வளவுதான். "தூக்கிப் போடு"ங்கறது கேட்லாக் பார்த்து வைத்தியம் பண்றவங்க பேச்சுங்க.

நெக்கார்க்கரை:
அது தண்ணி ஓடுற எஞ்சின். இது காத்துல ஆறுற எஞ்சின். சூடு ஒண்ணா? சிலிண்டர் விரியறது ஒண்ணா? 944-ஐக் கொண்டுவந்து 911-ல ஒட்டவைக்கிறீங்க. ஒண்ணு கேக்கறேன், கோயம்புத்தூர்ல இதுவரைக்கும் எத்தனை 911 எஞ்சினைப் பிரிச்சிருக்கீங்க?

லேத்துக்காரன்:
ஒண்ணுகூட இல்லீங்க. மோட்டார் பம்பும் டெக்ஸ்டைல் மெஷினும்தான். ஆனா எங்க மைக்ரோமீட்டர் 911-ன்னு பார்த்தா பயப்படாதுங்க. நீங்க எத்தனை பிரிச்சிருக்கீங்க? பக்கத்துல வீடு இருக்குன்னுதான் சொன்னீங்க, பிரிச்சேன்னு எங்கயும் சொல்லலியே.

சும்மா_வந்தேன்:
ஒரு சந்தேகம். ரீபில்ட்னு சொல்றது மேல் பாதி மட்டுமா, இல்ல கிராங்க், பேரிங் வரைக்கும் பிரிக்கிறதா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டா சண்டை பாதி குறையும்.

பாக்ஸர்6:
ஏன் ரெண்டு பேரும் மல்லுக்கட்டறீங்க? இப்ப இருக்கிற 95 மிமீ போரை விட்டுட்டு 98 மிமீ செட் போடுங்க. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) அதே 70.4 மிமீ, கிடைக்கிறது 3186 சிசி. எஞ்சின் கேஸைக் குடைய வேண்டாம், அப்படியே உட்காரும். பிஸ்டன் 2618 அலுமினியக் கலவையில அடிச்சு வடிச்ச ஃபோர்ஜ்டு. இல்ல, காசு மிச்சம் பண்ணணும்னா இருக்கிற அலுசில்லயே ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுக்கோங்க.

நெக்கார்க்கரை:
கடைசி வரி படிச்சதும் காபி புரையேறிடுச்சு. இரும்புப் பூச்சு இல்லாத ஸ்கர்ட்டை அலுசில்ல விட்டா அலுமினியமும் அலுமினியமும் ஒண்ணையொண்ணு கவ்விக்கும். எஸ்சி-லேர்ந்து எஞ்சின் இறங்கி ஓடும்.

லேத்துக்காரன்:
இது ஒண்ணுல அவரு சொல்றது சரிதானுங்க. அதுக்காக மத்ததும் சரின்னு ஆயிடாது.
பாக்ஸர், 2618-ல சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சூட்டுல நல்லா விரியும், அதனால பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல கிளியரன்ஸ் கூட வைக்கணும். காலைல ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு தட்டும். ரோட்டு வண்டிக்கு 12 சதவீதம் சிலிக்கான் இருக்கிற 4032 கலவை போதும். வெளி அளவு மாறாம 98-க்குப் போனா சுவர்ல ஒண்ணரை மிமீ போயிடுங்களே?

பாக்ஸர்6:
தட்டட்டும். நான் தூங்கவா வண்டி வாங்கினேன்?

ஸ்கார்பரோ எஸ்சி:
இஞ்சை பனிக்காலத்திலை அந்தத் தட்டல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிடுவான்.

நெக்கார்க்கரை:
விஷயத்துக்கு வருவோம். நிகாசில்.

லேத்துக்காரன்:
வாங்க. 1990-கள்ல பிஎம்டபிள்யூ, ஜாகுவார் நிகாசில் எஞ்சின்லாம் என்னாச்சுங்க? கந்தகம் கூடின பெட்ரோல்ல பூச்சு அரிச்சு, கம்ப்ரஷன் போயி, எஞ்சினையே மாத்திக் கொடுத்தாங்க. அப்பவும் "பேச ஒண்ணுமில்ல"யா?

நெக்கார்க்கரை:
பெட்ரோல் குத்தத்துக்குப் பூச்சு என்ன பண்ணும்? இப்ப பெட்ரோல்ல கந்தகம் எங்கே இருக்கு? பேச்சை மாத்தாதீங்க. நகம் தடுக்கலைன்னா நல்லதுன்னு சொன்னது சரியா தப்பா? ஆமா, இல்லன்னு ஒரே வார்த்தை.

ஸ்கார்பரோ எஸ்சி:
ஐயோ, அந்த நகத்தை விடுங்கோ! நான் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி தரேல்லை. சிலிண்டர் அடியிலை முக்கோணத்துக்குள்ளை 5, 6 எண்டு உயர இலக்கம் அடிச்சிருக்கு. ஒரு பக்கத்து மூண்டும் ஒரே இலக்கமா இருக்கவேணும். எனக்கு ஒரு பக்கம் ரெண்டு 5, ஒரு 6. எனக்கு முந்திப் பிரிச்ச ஆரோ கலந்து பூட்டியிருக்கிறாங்கள். அதோடை புது ஸ்டட் திலாவர் எண்ட கலப்பு உலோகமோ இரும்போ?

பாக்ஸர்6:
திலாவர் போடாதீங்க, திரும்பவும் முறியும். இரும்பு.

நெக்கார்க்கரை:
திலாவரை ஃபேக்டரி சும்மாவா போட்டான்? அலுமினியச் சிலிண்டரோட சேர்ந்து விரியணும்னுதான் அந்த உலோகம்.

பாக்ஸர்6:
சேர்ந்து விரிஞ்சுதான் அவருக்கு ரெண்டு முறிஞ்சுதா?

நெக்கார்க்கரை:
துருப்பிடிச்சு முறிஞ்சது. உலோகத்து மேல பழி போடாதீங்க. நீங்க போன வருஷமும் இப்படித்தான் ஏர்பாக்ஸ் (எஞ்சினுக்குக் காத்து போற பெட்டி) விஷயத்துல என்கிட்ட வம்பு பண்ணீங்க, ஞாபகம் இருக்கு.

பாக்ஸர்6:
எனக்கும் இருக்கு. ஏர்பாக்ஸ் வெடிச்சது, நான் சொன்ன மாதிரியே.

சும்மா_வந்தேன்:
மேல் பாதியா, முழுசா? யாராவது சொல்லுங்களேன்.

லேத்துக்காரன்:
ஸ்கார்பரோ, 5-ம் 6-ம் கலந்திருந்தா மூணும் ஒரே மட்டத்துல நிக்காது, ஹெட் சரியா உட்காராது. முதல்ல எந்த இலக்கம் கிடைக்குதுன்னு விசாரிங்க. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 1 மிமீ இடைவெளி இருக்கான்னு களிமண் வச்சுப் பாருங்க. ரிங் அப்புறம்.

நெக்கார்க்கரை:
அந்த ஒரு சிலிண்டரை மாத்த அலுசில்ல ஒத்தை சிலிண்டர் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. அதனாலதான் முதல் பதிவுலயே சொன்னேன், முழு நிகாசில் செட்.

லேத்துக்காரன்:
முதல் பதிவுல நீங்க சொன்னது நகத்தைப் பத்திங்க.

நெக்கார்க்கரை:
நகமும்தான்.

ஸ்கார்பரோ எஸ்சி:
பழைய சாமான் விக்கிற ஒருத்தரிட்டை அலுசில் 5-ஆம் இலக்கம் ஒண்டு இருக்காம். ஞாயிறு போய்ப் பாக்கப்போறன். போர் கேஜ் கூட்டாளியிட்டை இருக்கு, அவன் ஊருக்குப் போயிட்டான்.

நெக்கார்க்கரை:
அப்ப எதை வச்சுப் பார்ப்பீங்க?