பீட்டா டெஸ்டிங் எப்படி பிளான் பண்றது? (டெபியன் 13 பேஸ், ஸ்கூல் லேப் டிஸ்ட்ரோ)

லேப்_லினக்ஸ்:
வணக்கம். நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஸ்கூல் லேபுக்குன்னு ஒரு சின்ன டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) பண்றோம், பழசு டெபியன் 12ங்கற லினக்ஸ பேஸா வச்சது, அது சில ஸ்கூல்ல ஓடிட்டு இருக்கு, இப்ப 13க்கு மாத்திட்டோம். ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற இமேஜ் ஃபைல்) பில்ட் ஆகுது, விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற விர்ச்சுவல் மெஷின்) நல்லாவே ஓடுது. அடுத்து பீட்டா, அதாவது ரிலீஸுக்கு முன்னாடி வெளியாளுங்ககிட்ட குடுத்து டெஸ்ட் பண்றது. எத்தனை வாரம் விடணும், யார்கிட்ட குடுக்கணும், எப்ப போதும்னு நிறுத்தறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கர்னல்_பித்தன்:
வாரக்கணக்கு அப்புறம் ப்ரோ. எந்த பக் இருந்தா ரிலீஸ் நிக்கும்னு பீட்டா விடறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. ஃபெடோரான்னு இன்னொரு லினக்ஸ் டிஸ்ட்ரோல அப்படித்தான், இன்ஸ்டால் முடியணும், ஷட்டவுன் ரீபூட் வேலை செய்யணும், முந்தைய வெர்ஷன்ல இருந்து அப்கிரேடு ஆகணும்னு வரிசையா எழுதி வச்சிருக்காங்க, அதை மீறுற பக் பிளாக்கர், கடைசில கோ/நோ-கோ (விடலாமா வேணாமா) மீட்டிங்ல பிளாக்கர் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பொதுவா ரிலீஸ் தள்ளிப் போகும். 2022ல ஃபெடோரா 37 ஓபன்எஸ்எஸ்எல்ங்கற என்க்ரிப்ஷன் லைப்ரரில இருந்த பாதுகாப்பு ஓட்டையால அக்டோபர்ல வர வேண்டியது நவம்பர் 15க்கு போச்சு. முன்னாடியே எழுதலன்னா கடைசி ராத்திரி எல்லாருக்கும் தூக்கம் வரும்போது "இது சின்ன பக் தான், விட்ரலாம்"னு ஒருத்தர் சொல்வாரு, மத்தவங்களும் தலையாட்டிருவாங்க.

இன்னொண்ணு, பீட்டா விட்ட அன்னைக்கே ஃப்ரீஸ். புது பேக்கேஜ், புது வால்பேப்பர் எதுவும் உள்ள வரக்கூடாது, ஃபிக்ஸ் மட்டும் தான். இல்லன்னா டெஸ்டர் பாத்தது ஒண்ணு, நீங்க ரிலீஸ் பண்றது வேற ஒண்ணு.

பழைய_டெஸ்க்டாப்:
விர்ச்சுவல்பாக்ஸ நம்பி இறங்காதீங்க தம்பி. உபுண்டு 17.10 பீட்டாவெல்லாம் தாண்டி அக்டோபர் 2017ல வந்துச்சு, டிசம்பர்ல டவுன்லோடையே எடுத்துட்டாங்க. கர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் சில லெனோவோ லேப்டாப்ல பயாஸையே (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடறது) கெடுத்துருச்சு, செட்டிங் சேவ் ஆகல, சிலதுல யூஎஸ்பில பூட் பண்ணவே முடியல. அடுத்த மாசம் 17.10.1ன்னு புதுசா விட்டாங்க. இந்த மாதிரி பக் விர்ச்சுவல் மெஷின்ல கண்ணுக்கே படாது. அதனால நூறு டெஸ்டர் தேடி அலைய வேணாம், வேற வேற மதர்போர்டு வச்சிருக்கற பத்து பேர் போதும்.

உங்க லேப்ல 32 பிட் மெஷின் எதாவது இருக்கா? டெபியன் 13ல அதுக்கு கர்னலும் கிடையாது இன்ஸ்டாலரும் கிடையாது. அப்புறம் 13ல டிஎம்பி (தற்காலிக ஃபைல்) ஃபோல்டர் டிஃபால்ட்டா ராம்ல தான் இருக்கும், பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும். 2 ஜிபி மெஷின்ல பிரவுசரும் லிப்ரஆஃபீஸும் சேர்த்து திறந்து வச்சு ஒரு பீரியட் முழுக்க ஓட்டிப் பாருங்க.

லேப்_லினக்ஸ்:
ரொம்ப நன்றி அண்ணா. 32 பிட் ரெண்டு ஸ்கூல்ல இருக்கு, அவங்கள 12லயே விட்டுடறோம். மத்த ஸ்கூலுக்கு ஃப்ரெஷ் இன்ஸ்டால் மட்டும் டெஸ்ட் பண்ணா போதுமா?

தமிழ்99_தட்டச்சு:
போதாது. டீச்சருங்க ஃபைலெல்லாம் பழைய வெர்ஷன்ல தான இருக்கு, ஒரு லேப் மெஷினோட ஹார்டுடிஸ்க்க அப்படியே குளோன் பண்ணி அதுமேல 12ல இருந்து 13 அப்கிரேடு ஓட்டுங்க. சுத்தமான 12 போட்டு அப்கிரேடு பண்ணா பெரும்பாலும் பாஸ் ஆகும், அதுல பிரயோஜனம் இல்ல.

தமிழ் பக்கமும் விட்றாதீங்க. இன்ஸ்டாலர்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருதா, "க்ஷ" "ஸ்ரீ" ஒழுங்கா சேருதா பாருங்க. தமிழ் கீபோர்டு தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பண்ணிட்டு லாகின் ஸ்கிரீன்ல இங்கிலீஷ் பாஸ்வேர்டு அடிக்க முடியுதான்னு கட்டாயம் பாருங்க, முடியலன்னா அது பிளாக்கர், ஏன்னா மெஷின் உள்ளயே போக முடியாது.

ரிப்போர்ட்டுக்கு ஒரு ஃபார்ம் குடுங்க: எந்த பில்ட், மெஷின் மாடல், ராம், என்ன பண்ணீங்க, என்ன ஆச்சு, ஐஎஸ்ஓ செக்சம் (ஃபைல் முழுசா வந்துச்சான்னு பாக்கற குறியீடு) சரிபாத்தீங்களா. பாதி டவுன்லோடு ஆன ஐஎஸ்ஓவால வர்ற "இன்ஸ்டால் தொங்குது" ரிப்போர்ட்ட இந்த கடைசி கேள்வியே வடிகட்டிரும்.

கர்னல்_பித்தன்:
வாரக்கணக்கு கேட்டீங்கல்ல, உங்க சைஸுக்கு மூணு நாலு வாரம், பரீட்சை டைம் இல்லாம பாத்து வைங்க, அப்ப லேப் பூட்டி தான் இருக்கும்.