அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன்: ஆனைமலை பக்கம் எந்த சிம் எடுக்கும்?

பட்டன் போனிலிருந்து மாறப்போகும் 64 வயது அம்மாவுக்கு 12,000 ரூபாய்க்குள் போன் தேடுகிறேன். வாட்ஸ்அப் வீடியோ கால், யூடியூப், கேஸ் புக்கிங், அவ்வளவுதான். 6 ஜிபி ரேம், 128 ஜிபி முடிவாகிவிட்டது. 64 ஜிபியைக் குடும்ப குரூப்பின் காலை வணக்கப் படங்களே நிரப்பிவிடும்.

குழப்பம் சிம்மில்தான். தோப்புக்கு நடுவே கான்கிரீட் வீடு. வாசலில் நாலு கோடு, அடுக்களையில் ஒன்றுமில்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, இல்லாத போனில் சாதாரண காலே போகாது. ஜியோவின் 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 5, ஓரளவு சுவர் தாண்டும். அதன் 2300 மெகாஹெர்ட்ஸ் அந்த அளவுக்குத் தாண்டாது. பிஎஸ்என்எல் 4ஜி என்றால் 700 மெகாஹெர்ட்ஸுக்கான பேண்ட் 28 போனில் இருக்கவேண்டும். கடைக்காரரைக் கேட்டால் "எல்லாம் வரும் சார்" என்பார்.

நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்தால் அடுத்த 90 நாள் மறுபடி மாற முடியாது. அதனால் பழைய நம்பரை முதல் ஸ்லாட்டில் விட்டு, இரண்டாவதில் புது சிம்மைப் போட்டுப் பார்த்த பிறகுதான் போர்ட் கேட்டு 1900க்கு எஸ்எம்எஸ்.

ஆனைமலை, கோட்டூர் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் எந்த சிம், எந்த பேண்ட் பிடிக்கிறது என்று சொல்லுங்கள். நெட்வொர்க் செல் இன்ஃபோ ஆப்பில் ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலத்தின் அளவு, தெரியும். மைனஸ் 110ஐ விட மோசமா என்று பார்த்துச் சொன்னால் போதும். கோடு கணக்கு வேண்டாம், அது போனுக்குப் போன் மாறும்.